கேசிங் இல்லாத கம்ப்யூட்டர்

போன வாரம் என் மகனும் அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, கேம் விளையாட, பாகம் பாகமாக வாங்கி ஒரு கம்ப்யூட்டர் பூட்டுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கையில் இருக்கும் காசு போதவில்லை. "எதைக் குறைக்கலாம்?" என்று ஒருவன் கேட்டான். சாதாரணக் கேள்விதான். நான் தேநீர்க் கோப்பைகளை மேசையில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன். என் அண்ணனும் ஒருகாலத்தில் இதே கேள்வியைத்தான் கேட்டான்.

நாற்பதைத் தாண்டிய நம்மைப் போன்றவர்களுக்குச் சொன்னால் புரியும். நாமெல்லாம் அந்தக் காலத்தில் ஹட்டனுக்கும் கொழும்புக்கும் பஸ்ஸில் போய் வந்தவர்கள். யுத்தம் எங்கோ வடக்கில்தான் நடந்தது. ஆனால் பஸ்ஸுக்குள் ஏறிச் சிப்பாய் யாராவது சிங்களத்தில் "பஹின்ன" என்று, இறங்கச் சொன்னதும் நம் வீட்டு ஆண்கள் அடையாள அட்டையைத் தேடிச் சட்டைப்பையைத் தடவிய விதம் உங்களுக்கும் மறந்திருக்காது.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பா தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அவர் சட்டையிலிருந்து எப்போதும் வறுத்த தேயிலையின் வாசம் வரும். அண்ணன் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு ஹட்டன் டவுனில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில் சேர்ந்திருந்தான். டீவி, ரேடியோ திருத்தும் கடை. அந்த வருடம்தான் அங்கே கம்ப்யூட்டர்களும் திருத்துவதற்கு வரத் தொடங்கின. பள்ளிக்கூடம் விட்டு நான் அங்கே போய் அவனுக்காகக் காத்திருப்பேன். ஈயம் பற்றவைக்கும் புகை, நானாவின் அத்தர், மழையில் நனைந்த சாக்கு எல்லாம் கலந்த ஒரு வாசனை. இன்றைக்கும் எந்த ரிப்பேர் கடையைக் கடந்தாலும் அது மூக்கில் ஏறுகிறது.

ஒருநாள் திருத்த வந்த ஒரு கம்ப்யூட்டரில் அண்ணன் ஒரு விளையாட்டைப் பார்த்துவிட்டான். இருண்ட சுரங்கத்துக்குள் துப்பாக்கியோடு ஒருவன் போவானாம். மூலைக்கு மூலை யாராவது ஒளிந்திருப்பானாம். வீட்டுக்கு ஏறும் குறுக்குப் பாதையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே குனிந்து குனிந்து அவன் அதை நடித்துக் காட்டினான். அதன் பிறகு அவனுக்கு வேறு பேச்சே இல்லை.

வீட்டில் மட்டும் வேறு கதை சொன்னான்.

"படிக்கத்தான்ப்பா. இனிமே கம்ப்யூட்டர் தெரியாட்டி எந்த ஆபீஸ்லயும் உள்ள வுட மாட்டாங்க."

அப்பா நம்பினார். தன் சீட்டுக் காசை எடுத்து அவனுடைய சம்பளச் சேமிப்போடு சேர்த்துக் கொடுத்தார். உண்மை எனக்கு மட்டும் தெரியும். கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றும் போட்டுத் தருவதாக அண்ணன் எனக்குச் சொல்லியிருந்தான். அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை.

எந்தப் பாகம் என்ன வேலை செய்யும் என்று எனக்குச் சொல்லித் தந்தவனும் அவன்தான். "ப்ராசசர்தான் நம்ம தோட்டத்து கண்டாக்கு ஐயா. வேலய பிரிச்சிக் குடுக்கும். ரேம்தான் காலயில பேரு குடுக்க ஆளுங்க கூடுற பெரட்டுக்களம். அது சின்னதா இருந்தா ஆளுங்க நிக்க எடமில்லாம வெளியில காத்துக்கிட்டு கெடக்கணும்."

"அப்ப படம் காட்டுற வீ.ஜீ.ஏ. கார்டு?"

"அது தொர பங்களா. எல்லா செலவும் அதுக்குத்தான்."

அது சரியாகத்தான் இருந்தது. அந்தக் கார்டு இல்லாமல் அவன் பார்த்த விளையாட்டு ஓடாது. அதை வாங்கினால் மற்ற எதையும் புதிதாக வாங்க முடியாது. மத்தியானங்களில் கடையில் ஆள் இல்லாதபோது நானாவும் அவனும் இதையே பேசிக்கொண்டிருப்பார்கள்.

"தம்பி, எல்லாத்தையும் அந்தக் கார்டுலயே போட்டா மத்ததுக்கு என்ன செய்யப் போறீங்க?"

"ரேமும் போர்டும் பழசு வாங்கலாம் நானா. கொழும்புல கெடைக்குமே."

"கேசிங்?"

"அதத்தான் குறைக்கலாமான்னு பாக்குறேன்."

நானா கடையின் பின்பக்கத்தைக் கையால் காட்டினார். ஒரு தகரப் பெட்டி, துருப்பிடித்த மூலைகளோடு, உள்ளே ஒன்றுமில்லாமல் கிடந்தது. "இதக் கொண்டு போங்க. சல்லி தேவல்ல. சாமான மட்டும் வாங்கிட்டு வாங்க, இதுல பூட்டிக்கலாம்."

அண்ணனுக்கு அன்று முழுக்கச் சந்தோஷம். கேசிங் காசு மிச்சம்.

கொழும்புக்குப் போவதென்று முடிவானதும் அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. தமிழ்ப் பெயரும் தோட்டத்து முகவரியும் போட்ட அடையாள அட்டையோடு ஓர் இளந்தாரி தனியாகக் கொழும்பில் இறங்கினால் புலி என்று பிடித்துக்கொண்டு போவார்கள் என்று அவளுக்குத் தெரியும். கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"தங்கச்சியக் கூட்டிக்கிட்டுப் போ. பொம்பளப் புள்ள கூட இருந்தா ஒன்னும் கேக்க மாட்டாங்க."

அன்று சனிக்கிழமை. இருந்தும் எனக்குப் பள்ளிக்கூட வெள்ளைச் சீருடையைப் போட்டு, டையைக் கட்டி, புத்தகப் பையையும் தோளில் மாட்டிவிட்டாள். பள்ளிக்கூடப் பிள்ளை என்று பார்த்ததும் தெரிய வேண்டுமாம். என்னை எதற்காக அனுப்புகிறாள் என்று எனக்கு விளங்கியது. அண்ணனைக் காப்பாற்றும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது என்ற நினைப்பில், பஸ் ஏறியதிலிருந்து அவன் சட்டை நுனியை விடாமல் பிடித்துக்கொண்டேன்.

கொழும்பில் ஒரு சந்துக்குள் இருந்த கடை. அண்ணன் முதலில் அந்தக் கார்டைக் கேட்டான். வெள்ளிக் கடதாசிப் பையிலிருந்து கடைக்காரர் அதை எடுத்தபோது, கோயிலில் விபூதி வாங்குவதுபோல இரண்டு கையையும் நீட்டினான். பச்சைத் தகட்டின் மேல் ஒரு குட்டி ஃபேன். மற்றவை எல்லாம் பழையவை. மதர்போர்டும் ப்ராசசரும் யாரோ கழற்றிப் போட்ட கம்ப்யூட்டரிலிருந்து வந்தவை. ரேமை மேசை லாச்சியிலிருந்து துழாவி எடுத்துக் கொடுத்தார். பவர் சப்ளை இருந்தவற்றிலேயே மலிவானது. கறுப்பு, சிவப்பு, மஞ்சள் வயர்கள் கொத்துக் கொத்தாக அதிலிருந்து தொங்கின.

"போட்டுப் பாத்துத் தாங்க" என்று அண்ணன் கேட்டான். கடையில் கூட்டம். வேலை செய்யும், செய்யாவிட்டால் கொண்டு வா என்றார் கடைக்காரர். பில் வேண்டுமென்றால் விலை கூடும் என்றார். அண்ணன் பில் வேண்டாம் என்றான்.

ஒவ்வொன்றையும் சிங்களப் பேப்பரில் சுற்றி அவனுடைய பையில் அடுக்கினோம். மத்தியானம் ஹட்டன் பஸ்ஸில் ஏறினோம். அண்ணன் பையை மடியில் வைத்து, பஸ் குலுங்கும்போதெல்லாம் கைக்குழந்தையைப்போல அணைத்துக்கொண்டான்.

மலை ஏறத் தொடங்கியதும் மழை பிடித்தது. கினிகத்தேனைக்கு முன்னால் ஓரிடத்தில் சிப்பாய்கள் பாதையை மறித்திருந்தார்கள். அன்று காலையில் போனபோது அங்கே அந்தத் தடை இல்லை.

எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். அண்ணனின் பையைத் திறந்த சிப்பாய் மேலே இருந்த பேப்பரை விலக்கினான். வயர்க் கொத்து வெளியே சரிந்து தொங்கியது. குண்டு என்று நினைத்தானோ என்னவோ, அவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். பிறகு ஏதோ கத்தினான். எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் விலகினார்கள். அதுவரை எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்து, எனக்கு இரண்டு பிஸ்கட் கொடுத்த வயதான அம்மா ஒருவரும் விலகினார். ஈரத் தார்ப்பாதையில் நானும் அண்ணனும் அந்தப் பையும் மட்டும் இருந்தோம்.

"மே மொனவத?" இவையெல்லாம் என்ன என்று கேட்டான்.

கடைக்கு வருகிறவர்களிடம் சரளமாகச் சிங்களம் பேசுகிற அண்ணன் அப்போது "கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர்" என்று மட்டும் சொன்னான்.

"கம்ப்யூட்டர் என்றால் பெட்டி எங்கே?"

பெட்டி ஹட்டனில் இருந்தது. பில் எங்கே என்றார்கள். பில் இல்லை. இன்று பள்ளிக்கூடம் இல்லையே, இவள் எதற்கு யூனிஃபோர்ம் போட்டிருக்கிறாள் என்று என்னைக் காட்டிக் கேட்டார்கள். கொண்டக்டர் மற்றவர்களை அவசரமாக ஏற்றினான். பஸ் போய்விட்டது. அதன் பின்விளக்கு வளைவில் மறையும்வரை நான் பார்த்துக்கொண்டே நின்றது ஞாபகம் இருக்கிறது.

எங்களைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டு போனார்கள். ஒரு நீள மேசையில் சாமான்களைப் பரப்பினார்கள். பெரிய அதிகாரி வந்து மேசையைச் சுற்றி நடந்தார். கனத்த உடம்பு, மெல்லிய குரல். ஒரு கான்ஸ்டபிள் என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து, "பய வென்ன எபா, நங்கி" என்றார். பயப்படாதே தங்கச்சி என்று அதற்கு அர்த்தம். அப்படி அவர் சொன்ன பிறகுதான் எனக்கு ஒன்றுக்குப் போக வேண்டும்போல் இருந்தது. கேட்கப் பயந்து, வெள்ளைச் சீருடை நனைந்துவிடக் கூடாதே என்று தொடைகளை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நானாவின் கடைக்குத் தொலைபேசி எடுத்தார்கள். தன்னிடம் வேலை செய்கிற பையன்தான் என்று நானா சொன்னாராம். தொலைபேசியில் யார் வேண்டுமானாலும் எதையும் சொல்லலாம் என்றார் அதிகாரி. பிறகு அண்ணனுக்கு முன்னால் வந்து நின்றார்.

"இவ்வளவு காசு போட்டு யாருக்கு வாங்கினாய்? எங்கே அனுப்பப் போகிறாய்?"

"எனக்குத்தான் சேர்."

"எதற்கு?"

அண்ணன் மேசையிலிருந்த கார்டைப் பார்த்தான். அவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்."

பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களம் எல்லாம் ஓடிப்போயிருந்தது. உண்மை மட்டும் வாயில் வந்தது. "கேம் கஹன்ன, சேர்." கேம் விளையாட.

அங்கிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தோட்டத்து லயத்து வீட்டில் இருக்கிறவன் விளையாடுவதற்கு இத்தனை செலவு செய்வானா? அதிகாரி நம்பவில்லை என்பது அவருடைய புருவத்திலேயே தெரிந்தது.

"அப்படியானால் பூட்டிக் காட்டு" என்றார்.

அந்த நிலையத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. பிளாஸ்டிக் உறை போட்டு மூடி வைத்திருந்தார்கள். அதன் திரையையும் கரண்ட் வயரையும் கழற்றிக் கொடுத்தார்கள். அண்ணன் மேசையில் பேப்பரை விரித்து ஒவ்வொன்றாகப் பூட்டினான். கடையில் எத்தனையோ தடவை அவன் செய்து பார்த்த வேலை. ஆனால் இங்கே இருந்தவை ஒருமுறைகூட ஒன்றாக ஓட்டிப் பார்க்காத பழைய சாமான்கள். அந்த ரேம் வேலை செய்யுமா, அந்த மலிவு பவர் சப்ளை தாங்குமா, யாருக்கும் தெரியாது. செய்யாவிட்டால் கொண்டு வா என்று கடைக்காரர் சொன்னது என் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது.

"சுவிட்ச் எங்கே?" என்று அதிகாரி கேட்டார்.

"அது கேசிங்லதான் சேர் இருக்கும்."

ஒரு சாவியைக் கேட்டு வாங்கி, அதன் முனையால் போர்டின் ஓரத்திலிருந்த இரண்டு ஊசிகளைச் சேர்த்துத் தொட்டான். ஃபேன் சுழன்றது. திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு அந்தச் சத்தம் வந்தது.

பீப். நீளமாக. நிறுத்தி, மறுபடி பீப்.

நாற்காலி ஒன்று பின்னால் விழுந்தது. கான்ஸ்டபிள் சுவரோடு ஒட்டிக்கொண்டார். வாசலில் நின்றவன் துப்பாக்கியை அண்ணனின் முதுகுக்கு நேராகத் தூக்கினான். "அத உஸ்ஸன்ன!" என்று, கையைத் தூக்கச் சொல்லிக் கத்தினான். அண்ணன் இரண்டு கைகளையும் தூக்கினான். சாவி தரையில் விழுந்தது. பீப் நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. அதற்குள் எனக்கு எல்லாம் கைமீறிப் போய்விட்டது. சீருடை நனைந்து, சூடாகக் காலில் இறங்கி, வெள்ளைக் காலுறைக்குள் போனது.

"ரேம் சேர், ரேம் புடிக்கல. அதான் சத்தம்." தமிழில்தான் சொன்னான். பிறகு சிங்களத்தில் சொன்னான். பிறகு கைகளை இறக்காமலேயே என்னைப் பார்த்து, "புள்ள, ஒன்கிட்ட அழிறப்பர் இருக்கா?" என்று கேட்டான்.

புத்தகப் பையில் இருந்தது. நான் பையைக் காட்டினேன். கான்ஸ்டபிள் பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தார். அண்ணன் வயரைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, அதன் மஞ்சள் பற்களை அழிறப்பரால் தேய்த்தான். எழுத்தை அழிப்பதுபோல மெதுவாக, ஒரே பக்கமாக. ஊதினான். மறுபடி செருகினான். வயரை மாட்டி, சாவியால் ஊசிகளைத் தொட்டான்.

இந்தமுறை ஒரே ஒரு குட்டி பீப். திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின.

அதிகாரி கிட்டே வந்து எழுத்துகளைப் பார்த்தார். "சரி, கம்ப்யூட்டர்தான்" என்றார். "ஆனால் எதற்கு என்றுதான் எனக்குத் தெரிய வேண்டும்."

பொழுது சாயும் நேரத்தில் அப்பா வந்தார். நானா தகவல் அனுப்பியிருக்கிறார். ஆனால் நானா அப்பாவோடு வரவில்லை. அதற்காக எத்தனையோ வருடம் அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது. ஒரு முஸ்லிம் கடைக்காரர் இந்த விவகாரத்துக்காக அந்த நிலையத்து வாசலை மிதித்தால், நாளைக்கு அவர் கடைக்கு யார் வருவார்கள் என்பதையெல்லாம் பன்னிரண்டு வயதில் யார் யோசிக்கிறார்கள்?

அப்பா தொழிற்சாலை உடுப்போடு, தேயிலைத் தூள் படிந்த தலையோடு வாசலில் நின்றார். நாங்கள் பேசக் கூடாது என்று அதிகாரி விரலைக் காட்டிவிட்டு, அவரிடம் கேட்டார்.

"இது எதற்கு வாங்கினது?"

அப்பா யோசிக்கவே இல்லை. "பாடம் கரன்ன, மாத்தயா." படிக்கத்தான் ஐயா.

அதிகாரியின் முகம் மாறியது. "மகள் ஒன்று சொல்கிறாள், அப்பன் இன்னொன்று சொல்கிறான். யார் பொய் சொல்வது?"

அப்பா ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தார், என் காலுறையைப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார்.

"அப்பா," என்றான் அண்ணன். "கேம் வெளயாடத்தான்ப்பா. படிக்கன்னு ஒங்ககிட்ட பொய் சொன்னேன். அந்தக் கார்டு கேமுக்கு மட்டுந்தான்."

அப்பாவின் கை எழும்பியதை நான் பார்க்கவில்லை. சத்தம்தான் கேட்டது. அண்ணன் மேசையில் போய் மோதினான். அப்பா அதுவரை எங்களை அடித்ததே இல்லை. வாசலில் நின்றவன் சிரித்தான். இரண்டாவது அடி விழுந்தபோது கான்ஸ்டபிள் சிரித்தார். கடைசியில் அதிகாரியும் வயிறு குலுங்கச் சிரித்தார். "போதும், போதும், மிச்சத்தை வீட்டில் கொடு" என்று சொல்லி, சாமான்களை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

கினிகத்தேனையில் ஒரு தேநீர்க் கடையில் பஸ்ஸுக்காக நின்றோம். அப்பா தன் ஸ்வெட்டரை என் இடுப்பில் கட்டிவிட்டார். தன் தேநீர் கிளாஸை என் பக்கம் தள்ளி வைத்தார். கன்னம் வீங்கிய அண்ணன் பையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தான்.

"எல்லாம் வேல செய்யுதா?" என்று அப்பா கேட்டார்.

"செய்யுதுப்பா."

நான் வளர்ந்த பிறகு ஒருமுறை அப்பாவிடம், "அன்னைக்கு கோவத்துல அடிச்சீங்களா, இல்ல அவுங்களுக்குக் காட்டவா?" என்று கேட்டேன். அதற்கு அவர், "மொத அடி கோவத்துல. அதுக்கப்பறம் வாசல்ல நின்னவன் சிரிச்சத பாத்தேன்" என்றார்.

நானா கொடுத்த துருப்பிடித்த பெட்டிக்குள் எல்லாவற்றையும் பூட்டி, கடையில் கிடந்த பழைய ஹார்ட் டிஸ்க்கையும் திரையையும் சேர்த்து அண்ணன் வீட்டில் வைத்தான். முதல் வேலையாக, போர்டில் பொத்தான் அளவு இருந்த அந்தச் சத்தக் கருவியைக் குறட்டால் நெம்பி எடுத்துவிட்டான். அம்மா அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வரமாட்டாள். என் சீருடையை அவள் துவைத்த துவைப்பில், திங்கட்கிழமை போட்டபோது அது காகிதம்போல மெலிந்திருந்தது.

அந்த விளையாட்டு ஓடியது. நன்றாகவே ஓடியது. ஆனால் அண்ணன் ஸ்பீக்கரைப் பூட்டவில்லை. சத்தமில்லாமல் அந்தச் சுரங்கத்துக்குள் போவான். மூலை திரும்பும் ஒவ்வொரு தடவையும் அவன் தோள்கள் இறுகுவது பின்னால் இருந்த எனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அப்பா வந்து அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அன்று தொழிற்சாலையில் மேலதிக வேலை; அதற்குப் போக உடுத்தியிருந்தார். திரையில் அண்ணனின் ஆள் சுடுபட்டு விழுந்தான். எல்லாம் சிவப்பானது.

"செத்துட்டியா?" என்று அப்பா கேட்டார்.

"ஆமாப்பா."

"இப்ப என்னா நடக்கும்?"

"ஒன்னும் நடக்காதுப்பா. மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்."

அப்பா திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணனின் ஆள் சுரங்கத்தின் வாசலில், ஒரு காயமும் இல்லாமல், மறுபடி எழுந்து நின்றான்.

"அப்ப சரி," என்றார் அப்பா. "வெளயாடு."

அண்ணனின் தலையில் ஒரு கணம் கையை வைத்துவிட்டு, வேலைக்கு இறங்கிப் போனார்.